சட்டி இறக்கி வைத்த கல்

தம்பி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கிடுங்க. மூட்டைய மிதிக்காதிய. மிதிச்சா ஒண்ணும் ஒடஞ்சிராது, கல்லுதான். ஆனா மிதிக்கக் கூடாது.

என்ன கல்லுன்னு கேக்கியளா? கண்டக்டரும் இதத்தான் கேட்டான். “பொம்பளைக்கு ஃப்ரீ, கல்லுக்கு ஃப்ரீ இல்லம்மா, லக்கேஜ் போடணும்”னான். போடுப்பான்னேன். “அம்மிக்கல்லா?”ன்னான். “கல்லறைக் கல்லு”ன்னேன். அம்புட்டுதான், மெஷின அமுக்காமலே முன்னால போயிட்டான். இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. நீங்களும் எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போறதா இருந்தா போங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். புதுக்கரைவிளைக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு.

இருக்கியளா? சரி. அப்பம் கேளுங்க.

எம்பேரு பியூலா. புதுக்கரைவிளையில கோயில்பிள்ளை வீட்டு மருமவள்னா எல்லாருக்கும் தெரியும். கோயில்பிள்ளைன்னா வேற ஒண்ணுமில்ல, எங்க வேதக்கோயில்ல மணியடிக்க, விளக்குப் பொருத்த, சாவு விழுந்தா குழி வெட்ட ஆள் கூட்டியார ஒரு ஆளு உண்டு. எங்க மாமா மாசிலாமணி முப்பத்தெட்டு வருசம் அந்த வேலை பாத்தாவ. தங்கமான மனுசன். ஒருத்தரை எதுத்து ஒரு வார்த்தை பேசுனது கெடையாது. அதுக்கு நேர் எதிரு எங்க மாமியா அன்னப்பழம். செத்தவியள அப்பிடிச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் உண்மைய உண்மைன்னு சொல்லணும்லா? பொல்லாத கெழவி.

சும்மா சொல்லல. என்னைய அடுப்படிக்குள்ள விட்டதே கல்யாணம் ஆயி மூணாம் வருசம்தான். விட்ட பொறவும் நிம்மதி உண்டா? அடுப்பு மேடையில வலது பக்கம் ஒரு கல்லு பதிச்சிருக்கும், கொழம்புச் சட்டிய இறக்கி வைக்கிற இடம். அதுல சட்டிய வெறுமனே வைக்கக் கூடாது. பிரிமணை போட்டு அதுமேலதான் வைக்கணும். கை தவறிக் கொஞ்சம் சத்தம் கேட்டுச்சு, அம்புட்டுதான், கொல்லையில இருந்து கத்துவா: “ஏட்டி, ணங்குன்னு வைக்காத!” ஒரு நாளைக்கு நாலு தடவ. கல்லுலதான வைக்கேன், கண்ணாடியிலயா வைக்கேன்? கேட்டா பிரிமணைய எடுத்து எங்கையில திணிப்பா. சனிக்கெழமை ஆனா அந்தக் கல்லுக்கு வெந்நி ஊத்தித் தொடைப்பா. மேடை முழுக்க இல்ல, அந்தக் கல்ல மட்டும். ஈரம் போகத் தன் முந்தானையாலயே ஒத்துவா. பைத்தியம்னு நெனச்சேன். நீங்களா இருந்தாலும் அதத்தான் நெனைப்பிய.

ஜன்னலக் கொஞ்சம் சாத்துங்க, தூசி வருது. ஆங், போதும்.

ரெண்டு மாசத்துக்கு முன்ன எம்மவ ஷைனி, பெங்களூருல இருக்கா, “அந்தக் கரி பிடிச்ச மேடைய ஒடச்சுட்டு டைல்ஸ் போடும்மா”ன்னு ஆளையே அனுப்பிட்டா. கொத்தனாரு கடப்பாரையப் போட்டு நெம்பி அந்தக் கல்லப் பெரட்டுனாரு. பெரட்டுனவரு கடப்பாரையக் கீழ போட்டுட்டு, “யக்கா, இங்க வாங்க”ன்னாரு. போயிப் பாத்தா எழுத்து! மேல ஒரு சிலுவை, கீழ எழுத்து. சுண்ணாம்பு அப்பிக் கெடந்துச்சு. நாந்தான் குந்தி உக்காந்து தொடப்பக் குச்சியால சொரண்டுனேன்.

செல்லக்கனி. தோற்றம் 3-9-1957. மறைவு 29-10-1957.

அம்புட்டுதான். இன்னார் மகன்னு இல்ல, மகள்னு இல்ல. எண்ணிப் பாத்தேன், அம்பத்தாறு நாளு.

பேரை வாசிச்ச ஒடனே தொடப்பக் குச்சியக் கீழ போட்டுட்டேன். ஏன் தெரியுமா? அந்தப் பேரு எனக்குத் தெரியும். ஷைனி பொறந்தப்பம் கெழவி எங்கிட்ட வந்து நின்னா. என் வாழ்க்கையில அவ எங்கிட்ட ஒண்ணு கேட்டான்னா அது அந்த ஒரு நாளுதான். மத்ததெல்லாம் உத்தரவு. அன்னைக்கு மட்டும் கேட்டா. “பிள்ளைக்குச் செல்லக்கனின்னு வைப்பமா, ஏட்டி?”ன்னா. நான் டீச்சர் டிரெயினிங் முடிச்சவ. “அந்தப் பட்டிக்காட்டுப் பேரையா? பள்ளிக்கூடத்துல சிரிப்பாவ”ன்னு சொல்லிட்டேன். சொன்னதோட விட்டனா? ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்ன நர்ஸுகிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். கெழவி கேட்டுக்கிட்டுதான் நின்னா. தூக்குச்சட்டிய எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டா. அதுக்குப் பொறவு ஷைனிய அவ பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்ல. “பிள்ளே, பிள்ளே”ன்னுதான். திமிரப் பாரேன்னு நானும் வீம்பா இருந்துட்டேன்.

எங்க வீட்ல அவிய, ஆசீருன்னு பேரு, அவியகிட்ட கேட்டேன், இது யாருங்கன்னு. “எனக்கு என்ன தெரியும், நான் அறுவதுல பொறந்தவன்”னாவ. சொல்லிக்கிட்டே பேப்பரப் பெரட்டுதாவ. அப்படியே அப்பா மாதிரி, அமைதி.

இதுக்குள்ள கொத்தனாரு டீக்கடையில சொல்லிட்டாரு. சாயங்காலம் எட்வின் சார் வந்துட்டாரு. எங்க சபைக் கமிட்டிக்குச் செயலாளரு, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு. அடுப்படி வரைக்கும் செருப்போட வந்து, கல்லப் பாத்து, கண்ணாடியத் தொடச்சு மறுபடி பாத்து, “கோயில்பிள்ளை வீட்டு அடுப்புல கல்லறைக் கல்லு. நல்லா இருக்கும்மா நியாயம்”னாரு. எனக்கு மொதல்ல புரியல. பொறவுதான் புரிஞ்சுது. எங்க மாமா கல்லறைத் தோட்டத்துல இருந்து கல்லத் திருடிட்டு வந்து அடுப்புக் கட்டிட்டாவளாம்!

அந்த ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சு அறிவிப்பு வாசிக்காரு: “சபையின் சொத்து எவர் வீட்டில் இருந்தாலும் உடனே ஒப்படைக்கவும்.” எவர் வீட்டிலாம்! எல்லாத் தலையும் எம்பக்கம் திரும்புது. எங்க வீட்ல அவிய ஆம்பளையாளு பக்கத்துல உக்காந்து பாட்டுப் புஸ்தகத்த மொறைக்காவ. நான் எந்திரிச்சுட்டேன். நடுக்கோயில்ல. “எட்வின் சார், எவர் வீட்டிலன்னு ஏன் சுத்தி வளைக்கிய? பியூலா வீட்டுலன்னு சொல்லுங்க. எங்க மாமா திருடுனாவன்னு ரிஜிஸ்டர எடுத்து எங்கிட்டக் காட்டுங்க, நானே தலையில சொமந்து கொண்டாந்து வைக்கேன். காட்ட முடியலன்னா இதே எடத்துல நின்னு மன்னிப்புக் கேக்கணும்”னேன். ஐயரு, எங்க போதகரை அப்பிடித்தான் சொல்லுவோம், சின்ன வயசு, அவரு மொகம் வேர்த்துப் போச்சு. பாவம்.

ரிஜிஸ்டரப் பாத்தோம். ஞானஸ்நானம் குடுத்த ரிஜிஸ்டரு, அடக்க ரிஜிஸ்டரு, ரெண்டும். கறையான் தின்னது போக மிச்சம் இருந்தத ஒரு வாரம் மூக்குல துணியக் கட்டிக்கிட்டு ஒவ்வொரு வரியா வாசிச்சேன். அம்பத்தேழுல எல்லா மாசமும் இருக்கு. செல்லக்கனி இல்ல. ஞானஸ்நானம் குடுத்ததும் இல்ல, பொதைச்சதும் இல்ல. “பாத்தியளா, நம்ம ஊருக் கல்லே இல்ல, வேற எங்கயோ இருந்து தூக்கிட்டு வந்திருக்காரு”ன்னு எட்வின் சாருக்கு ஒரே சந்தோசம். எனக்கு வந்த கோவத்துக்கு அந்த ரிஜிஸ்டராலயே போட்டிருப்பேன், அது ஏற்கெனவே பொடிப் பொடியா உதிருது.

கடைசியில கண்டுபிடிச்சுக் குடுத்தது யாருன்னா, என் ஆட்டுரலு. ஆமா, சிரிக்காதிய. கல்லோட பக்கவாட்டுல ஒரு வளையமும் உள்ள மூணு புள்ளியும் கொத்தியிருந்துச்சு. இதை எங்கயோ பாத்திருக்கமேன்னு ரெண்டு நாளு மண்டைய ஒடச்சேன். மாவாட்டப் போனா அதே வளையம், அதே மூணு புள்ளி. கொத்தனாரு, “இது பாளையங்கோட்டைக் கல்லுக்காரவிய அடையாளம்லா”ன்னாரு. மறுநாளே பஸ் ஏறிட்டேன்.

ஆவுடையப்பன்னு பேரு. எம்பத்தேழு வயசு. இப்பம் மவன் மெஷின் வச்சுச் செதுக்குதாரு, பெரியவரு பட்டறை வாசல்ல நாக்காலி போட்டு உக்காந்திருக்காரு. செல்லக்கனின்னு சொன்னேன். முழிச்சாரு. செல்போன்ல கல்லோட போட்டோவக் காட்டுனேன். கிட்டக்க வச்சுப் பாத்தாரு, எட்ட வச்சுப் பாத்தாரு. பொறவு, “அந்தப் பொம்பளை இருக்காளா?”ன்னாரு.

எந்தப் பொம்பளைன்னேன்.

“நான் தனியா எழுத்து வெட்டுன மொதக் கல்லு இது, எங்கப்பாவுக்குக் காய்ச்சலு. அதனால மறக்கல. ஒரு சின்னப் பொம்பளை. இடுப்புல ஒரு ஓலைக்கொட்டான், அதுல கூலிக்குக் கருப்பட்டி. தனியா நடந்தே வந்திருக்கா. கல்லு எத்தனை அடின்னு கேட்டேன். அடியெல்லாம் அவளுக்குத் தெரியல. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுனா, ‘இம்புட்டு’ன்னா. நான் நூலு போட்டு அளக்கப் போனேன். கைய மடக்கவே இல்ல, அளந்து முடியுற வரைக்கும் அப்படியே வச்சிருந்தா.”

தம்பி, இந்தா, இந்த மூட்டையப் பாருங்க. அம்பத்தாறு நாள் பிள்ளை இம்புட்டுதான் இருக்கும்.

கேளுங்க, முடியல. ஒரு வாரம் கழிச்சு வண்டியில அதே கல்லு பட்டறைக்குத் திரும்பி வந்திருக்கு. கூட அவளும் புருசனும். புருசன் சொல்லுதாரு, பேரை மட்டும் கொத்தி எடுத்துருங்க, வெறுங்கல்லா இருந்தாப் பரவால்லன்னு கோயில்ல சொல்லிட்டாவன்னு. விசயம் என்னன்னா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகல. ஞானஸ்நானத்துலதான் பேரு. அது இல்லன்னா பேரும் இல்ல, கல்லறைத் தோட்டத்துல எடமும் இல்ல, வேலிக்கு வெளிய கள்ளிப் பக்கம் ஒரு குழி. ஏன் ஆகல? அப்பம் பதினாலு ஊருக்கு ஒரு ஐயரு, அந்த வருசம் மழையில ஆத்துத் தரைப்பாலம், அந்தத் தாம்போதி, ஒடஞ்சு ரெண்டு மாசமா அவரு வரல. ஐயரு வராதது பிள்ளையோட குத்தமா? நீங்களே சொல்லுங்க.

ஆவுடையப்பன் உளிய எடுத்துட்டாரு. அவ போயி பேருமேல உள்ளங்கைய வச்சுட்டாளாம். “கொத்துறதுன்னா என் கையச் சேத்துக் கொத்தும்”னாளாம். புருசன், “அன்னப்பழம், கைய எடு, எனக்கு வேலை போயிரும்”னு கெஞ்சியிருக்காரு. அதுக்கு அவ கேட்டாளாம்: “கடைசி மூச்சு இழுக்கையில, ‘ஐயரு வரல, நீராவது ஒரு கை தண்ணி எடுத்துத் தலையில ஊத்திப் பேரு சொல்லும்’னு உம்ம காலப் பிடிச்சேனே. ஊத்துனீரா? ஊத்தாத கையி, இப்பம் அழிக்க மட்டும் வருதோ?”

அதுக்கு எடம் உண்டு தம்பி. உயிருக்கு ஆபத்துன்னா ஐயருதான் வேணும்னு இல்ல, விசுவாசி யாரும் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கலாம். கோயில்பிள்ளைக்குத் தெரியாம இருக்குமா? மாமா பயந்திருப்பாவ. ஐயரு என்ன சொல்லுவாரோ, கமிட்டி என்ன சொல்லுமோன்னு. மாமாவக் குத்தம் சொல்ல முடியாது. தங்கமான மனுசன், யாரையும் எதுத்துப் பேசத் தெரியாது.

என்ன அப்படிப் பாக்கிய?

கல்ல வீட்டுக்குக் கொண்டாந்து அடுப்பு மேடையில கவுத்திப் பதிச்சிருக்காவ. யாரு பதிச்சாவன்னு யாருக்கும் தெரியாது. அவதான் கேட்டிருப்பா. வெளிய வைக்கக் கூடாதுன்னா உள்ள வச்சுக்கிடுதேன்னு. அதுமேல பிரிமணை போட்டு, வெந்நி ஊத்தி, அம்பத்திரெண்டு வருசம். கோயிலுக்கு வந்தாலும் பின்வாசல்ல நின்னுட்டுத்தான் போவா, ஒரு நாளும் ராப்போசன அப்பம் வாங்க முன்னால வந்து முழங்கால் போட்டதில்ல. ஊருல எல்லாரும் தலைக்கனம்னாவ. நானும்தான் சொன்னேன். மத்தவியள விட நாந்தான் சத்தமாச் சொன்னேன்.

பட்டறை வாசல்லயே உக்காந்து அழுதேன் தம்பி. அந்தப் பெரியவரு மவனக் கூப்புட்டுச் சோடா வாங்கியாரச் சொன்னாரு. ஒரு பேரு. நான் ஒரு பேரு வச்சிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பேன்? ஷைனிகிட்டப் போன்ல சொன்னேன். முழுசும் கேட்டுக்கிட்டா. பொறவு, “நல்ல பேருதானம்மா”ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. போனை வச்சுட்டேன்.

ஆனா அழுதுட்டு உக்காந்திருக்க ஆளு நான் இல்ல. நேரா கமிட்டிக்குப் போனேன். நடந்ததச் சொன்னேன். இந்தப் பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துல ஒரு அடி எடம் குடுங்க, கல்ல நடணும்னேன். வேலிக்கு வெளிய அந்த எடத்துல இப்பம் தண்ணித் தொட்டி நிக்கி, அங்க வைக்க வழியில்ல. எட்வின் சார் மொதல்ல திருட்டுன்னாரு, இப்பம் திருட்டு இல்லன்னு ஆனதும் சட்டம் பேசுதாரு. “பதிவேட்டில் இல்லாத பேரு உள்ள வரக் கூடாதும்மா. இன்னைக்கு உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வருவாங்க.” எல்லாரும்னா யாரு? வேலிக்கு வெளிய கெடக்க பிள்ளையளா? வரட்டுமே! ஐயரு வாயத் தொறக்கப் போனாரு, எட்வின் சார் பாத்த பார்வையில மூடிக்கிட்டாரு. தீர்மானம் போட்டுட்டாவ, முடியாதுன்னு.

நான் சத்தம் போடுவேன்னு எதிர்பாத்தாவ. போடல. அமைதியாக் கேட்டேன்: “சரி சார். உள்ள அடக்கம் ஆனவியளுக்குக் குடும்பத்துல கல்லு வைக்க என்ன சட்டம்?” அதுக்குத் தாராளமா வைக்கலாம், அனுமதி வேண்டாம், தகவல் சொன்னாப் போதும்னாரு. எழுதிக் குடுங்கன்னேன். கமிட்டிக் கடுதாசியில எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வச்சுக் குடுத்தாரு. பியூலா அடங்கிட்டான்னு நெனச்சிருப்பாரு. இந்தா, பையில இருக்கு, பாக்கிய?

என்ன புரியலயா? அத்தை உள்ளதான இருக்காவ. ரெண்டாயிரத்து ஒம்பதுல அடக்கம் பண்ணுனோம், ரிஜிஸ்டருல இருக்கு. கல்லு வைக்கல. சிமெண்டு பூசுனாப் போதும்னு விட்டது நாந்தான். அவியளுக்கு என்ன கல்லு வேண்டிக் கெடக்குன்னு கேட்டதும் நாந்தான். கல்லறைத் திருநாளைக்கு எல்லாரும் வெள்ளையடிச்சு மாலை போடும்போது நான் ரெண்டு மெழுகுத்திரிய நட்டுட்டு வந்துருவேன்.

இன்னைக்குக் காலையில இந்தக் கல்லப் பட்டறையில குடுத்து, செல்லக்கனிக்குக் கீழ மிச்சமிருந்த எடத்துல “தாய் மா. அன்னப்பழம்”னு, தேதியோட, வெட்டச் சொன்னேன். மவங்காரரு, “பெரியவங்க பேருதாம்மா மேல வரணும், கல்ல வழிச்சு மறுபடி வெட்டித் தாரேன்”னாரு. ஒரு எழுத்தத் தொட்டீரு, நடக்கது வேறன்னேன். மேல பிள்ளை, கீழ தாயி. தோள்ல போட்டுத் தட்டிக் குடுக்க மாதிரி இருக்கட்டும். ஆவுடையப்பன் மவனை எந்திரிக்கச் சொல்லிட்டுத் தானே உளிய எடுத்தாரு. கை நடுங்குது, அன்னப்பழத்துல ‘ழ’ கொஞ்சம் கோணலா விழுந்துட்டு. இருந்துட்டுப் போகுது.

இது எங்க அத்தையோட கல்லு. எங்க அத்தை கல்லறையில வைக்கேன். கமிட்டிக் கடுதாசி எங்கையில இருக்கு. எந்த எட்வின் வந்து தடுக்கான்னு பாக்கேன். பாசம் கீசம்னு நெனைக்காதிய தம்பி, அவிய என்னையப் படுத்துன பாடு எனக்குல்லா தெரியும். ஞாயம்னா ஞாயம், அம்புட்டுதான். எனக்கு எதையும் மூடி மறைக்கத் தெரியாது. எடுத்த காரியத்த விடவும் தெரியாது. அது எங்கம்மா வழியில வந்த கொணம்.

அந்தா, தண்ணித் தொட்டி தெரியுதுல்லா? எங்க ஊருதான். கண்டக்டர்! நிப்பாட்டுப்பா, கல்லு எறங்கணும்!

ஸ்டாப்புல பாருங்க, வெள்ளைச் சட்டை எட்வின் சார். கூட நாலு பேரு. யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்கான். நிக்கட்டும். கொத்தனாரு அங்கன சிமெண்டக் கொழச்சு வச்சுட்டுக் காத்துக்கிட்டிருக்காரு. அந்தச் சைக்கிளப் பிடிச்சிக்கிட்டு நிக்கது எங்க வீட்ல அவிய. வரலன்னாவ, வந்துட்டாவ. எந்தப் பக்கம் நிக்காவன்னு பாருங்க, நட்ட நடுவுல.

தம்பி, ஒரு கை பிடிக்கியளா? கண்டக்டரு தொட மாட்டான். நீங்க அந்த நுனி, நான் இந்த நுனி. பாத்து, படியில இடிச்சிராம. மெதுவா. இன்னும் கொஞ்சம்... ஏய் தம்பி, ணங்குன்னு வைக்காதிய! பொறுங்க, பொறுங்க. என் துண்ட எடுத்து மொதல்ல கீழ விரிக்கேன்.

ஆங். இப்பம் வைங்க.